ஹவுள் சுவரில் சுரண்டிய பாசி

செய்முறைப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மலைநாட்டிலிருந்து வந்த பார்சலைத் திறந்தேன். உள்ளே கறுத்த கூழ். பொகோனேற்றம் என்ற பாசியை யாரோ ஈரத்தோடு பொலித்தீன் பையில் இறுகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். பஸ் சூட்டில் அவிந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் ஒரு பாடசாலையில் நான் ஆய்வுகூட உதவியாளர். தாவரவியல் படிப்பித்த பரீதா டீச்சருக்கு முகமே வாடிவிட்டது.

"பாசி இல்லாட்டி பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியே போயிரும், காக்கா," என்றார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

"கிணத்தடியெல்லாம் பாசிதானே டீச்சர்?"

"அது அல்கா, வெறும் நீர்ப்பாசி. நமக்கு வேணும் குட்டி இலையோட, மெத்தை மாதிரி வளர்றது."

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுளூ எடுக்கும் தண்ணீர்த் தொட்டி, ஹவுள். அதன் வெளிச்சுவரில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தேன். சைக்கிளில் போனால், சுவர் வெள்ளைவெளேர் என்றிருந்தது.

"போன கிழமைதான் சுரண்டிச் சுண்ணாம்பு அடிச்சது, தம்பி," என்றார் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார். "ரெண்டு பேர் வழுக்கி விழுந்துட்டாங்க. சுரண்டின குப்பை அந்தா கிடக்கு. உனக்கு என்னத்துக்கு?"

மதிலோரம் அது கச்சான் என்ற வறண்ட மேல்காற்றில் காய்ந்து, தேயிலைத் தூள்போலக் கிடந்தது. கடதாசியில் அள்ளி வந்தேன்.

"செத்துப்போச்சே," என்றார் டீச்சர். ஆனாலும் தட்டில் வைத்து நீர் விட்டார். உருப்பெருக்கும் கைவில்லையால் பார்த்தேன். முறுக்கிக்கொண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. சில நிமிடத்தில் தட்டு பச்சை.

"சுப்ஹானல்லாஹ்! உசிர் எங்க இரிந்திச்சு?"

"இதுக்கு வேரும் இல்ல, தண்ணி ஏத்துற குழாயும் இல்ல, காக்கா. வேர் மாதிரித் தெரியிற இந்த வேர்ப்போலி பிடிச்சுக்கொள்ள மட்டும். உடம்பு முழுக்கத் தண்ணி குடிக்கும். காத்து காஞ்சா தானும் காஞ்சு கிடக்கும். அந்த நேரம் உள்ள என்ன நடக்குதெண்டு எனக்கும் முழுசாத் தெரியா."

"லேபல்ல பொகோனேற்றம் எண்டே எழுதட்டா?"

"வேணாம். பேர் தெரியாட்டி தெரியாதெண்டே எழுதுங்க."

அப்படியே எழுதினேன்: பாசி. பெயர் தெரியாது. பள்ளிவாசல் ஹவுள் சுவர். பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் என் எழுத்தில் தொங்கின.

பரீட்சையன்று வெளியூர்ப் பரீட்சகர் லேபலைப் படித்தார். வில்லையை எடுத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

"பேர் எனக்கும் தெரியாது. கேள்விக்கு இது போதும்," என்றார். போகும்போது ஒரு சிட்டிகையைக் கடதாசியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதுவரை மாதிரிப் போத்தல்களில் பாடநூலில் இருந்த பெயரையே கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவந்தவன் நான். அன்றிலிருந்து முதலில் பார்ப்பேன், எடுத்த இடத்தை எழுதுவேன். "பெயர் தெரியாது" என்று எழுத எனக்கு வெட்கமே வந்ததில்லை.