நெம்பியது கை, குற்றம் கத்திக்கு

ஹாட்வெயார் கடையில் ஆணி விற்பது சுலபம், சீமெந்து விற்பது அதைவிடச் சுலபம். மடக்குக் கத்தி விற்றால்தான் வழக்கு வரும். கந்தப்பளையில் நானும் என் வீட்டுக்காரரும் கடை நடத்துகிறோம். கத்தியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்: "வெட்டுங்க, சீவுங்க, நறுக்குங்க. நெம்ப மட்டும் நெம்பாதீங்க." எல்லாரும் தலையாட்டுவார்கள். என்னைப் போலவே கடை வைத்திருக்கும் உங்களுக்கு அந்தத் தலையாட்டல் தெரியாததா?

நீலப் பெயிண்ட்

ஆட்டோ ஓட்டும் செல்வகுமார் ஒரு நாள் கத்தியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்துப் பார்த்தால், முனை கிளி மூக்கு மாதிரி வளைந்திருந்தது. "பெயிண்ட் வாளி தொறந்தீங்களா?" என்றேன். "சேச்சே, இல்லையே" என்றார். கத்தியின் மடிப்பு வரைக்கும் நீலப் பெயிண்ட். அவர் நகக்கண்ணிலும் அதே நீலம்.

நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மூடிய லேசா தொட்டேன், அவ்வளவுதான்" என்று இறங்கி வந்தார். தொட்டதற்கா இப்படி வளையும் என்று கேட்டேன். "அதத்தான் நானும் கேக்குறேன் அக்கா, தொட்டதுக்கே வளைஞ்சா இது என்ன கத்தி?"

கவ்வாத்துக்காரர்

சின்னையா தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருடைய கவ்வாத்துக் கத்தியை வீட்டில் யாரும் தொடக்கூடாது. காலையில் தீட்டுவார், மாலையில் துடைத்துச் சாக்கில் சுற்றி வைப்பார். இப்படிப்பட்ட மனிதருக்குப் புத்தி சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்து, மடக்குக் கத்தியை எச்சரிக்காமலே கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் அதன் பிடியை மட்டும் கொண்டுவந்தார். லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொட்டும் பீலிக் குழாயின் வாயில் கல் அடைத்துக்கொண்டதாம். கத்தியை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினாராம். எனக்கு வந்த கோபத்தில், "உங்க கவ்வாத்துக் கத்தியால அந்தக் கல்ல நெம்பியிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "என்ன பேச்சு பேசுறீங்க, கத்தி கெட்டுப் போயிராதா?"

விஞ்ஞான பாடம்

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மாஸ்டர் ஒருவர். ஆய்வுகூட அலுமாரிச் சாவி தொலைந்துபோய், வகுப்பே காத்திருக்க, கதவிடுக்கில் என் கத்தியைச் செருகியிருக்கிறார். கதவு அசையவில்லை, கத்தி இரண்டானது. பிள்ளைகள் சிரித்ததுதான் அவருக்குப் பெரிய காயம்.

கடைக்கு வந்தவர் சோக்கட்டியை எடுத்து என் மேசையிலேயே நெம்புகோல் படம் போட ஆரம்பித்தார். இது கோல் தாங்கி நிற்கும் பொறுதி, இது கை கொடுக்கும் எத்தனம், இது சுமை என்று கோடு கோடாக இழுத்தார். பின்னால் சீமெந்து வாங்க வந்தவர்கள் பாடம் முடியும்வரை நின்றார்கள். "எல்லாம் விளங்குது சேர், ஆனா இது நெம்பு இல்லையே, கத்தியாச்சே" என்றேன். அவர் சோக்குத் தூளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "தத்துவத்துல பிழையில்ல, உங்க கருவிக்குத்தான் தத்துவத்த தாங்குற தகுதியில்ல."

வீட்டுக்காரர்

பொறுக்கமுடியாமல், 'கத்தி நெம்புவதற்கு அல்ல' என்று ஒரு பலகை எழுதினேன். அதைச் சுவரில் மாட்டித் தரும்படி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போனேன். திரும்பி வந்தால் பலகை அழகாகத் தொங்குகிறது. கீழே, முனை ஒடிந்த புதுக் கத்தி ஒன்று கிடக்கிறது. முதலில் அடித்த ஆணி கோணலாகப் போய்விட்டதாம், அதைப் பிடுங்கியிருக்கிறார். சுற்றிலும் சுத்தியலும் குறடும் தொங்கும் கடையில்! தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. "சின்ன ஆணிதானே, இதுக்கே ஒடைஞ்சா வேற கம்பனிச் சாமான்தான் எடுக்கணும்."

பத்மநாதன் அண்ணன்

மரக்கறி லொறி ஓட்டும் பத்மநாதன் அண்ணன் உள்ளங்கையில் பெரிய கட்டோடு வந்தார். உடைந்த கத்தியின் இரண்டு துண்டையும் என் முன்னால் வைத்தார். நான் வாயைத் திறக்குமுன் கத்த ஆரம்பித்துவிட்டார். அவருடைய மகள் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள். விடாத மழையில் கக்கூஸ் கதவுப் பலகை ஊறி இறுகிக் கிடந்திருக்கிறது. அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் தொப்பென்று சத்தம். கூப்பிட்டால் பதில் இல்லை. இவர் சட்டைப்பையில் இருந்த கத்தியை இடுக்கில் செருகி நெம்ப, அது ஒடிந்து கையைக் கிழித்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடிவந்து தோளால் இடித்துக் கதவை உடைத்திருக்கிறார்கள். மயங்கிக் கிடந்தவளை அந்த மரக்கறி லொறியிலேயே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். தாயும் பிள்ளையும் சுகம், பெண் குழந்தை.

முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். ஆனாலும் பழக்கதோசத்தில், "அண்ணே, அது நெம்புற சாமான் இல்ல" என்று வாயில் வந்துவிட்டது. அவர் குரல் உடைந்தது. "உசுரு உள்ள கெடக்குறப்ப கையில கெடச்சதத்தானே மனுசன் எடுப்பான்? அந்த நேரத்துல ஒடையுறத எதுக்கு விக்கிறீங்க?"

நான் உள்ளே போய் நெம்புவதற்கென்றே செய்த சின்ன இரும்பு அலவாங்கு ஒன்றை எடுத்துவந்து, "இத வீட்டுல வச்சிக்குங்க அண்ணே, காசு வேணாம்" என்றேன். நல்ல கையால் தூக்கிப் பார்த்தார். கோபம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. சட்டைப்பையைத் தடவினார், மறுபடியும் அலவாங்கைப் பார்த்தார். "சாமான் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி, ஆனா பைக்குள்ள போகாதே."

மழையில் கதவு ஊறுகிற ஊரில் கத்தி விற்க வந்த நாம், திட்டு வாங்குவதையும் வியாபாரத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.