பட்டமளிப்பு மண்டபத்தில் ஒரு குலவை

எண்பதுகளில் கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் கென்யா நாட்டுத் தம்பி ஒருவன் வாடகைக்கு இருந்தான். கல்லூரியில் படித்தான். வந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டான். எனக்குத்தான் பஸ் போர்டைத் தாண்டி எழுத்து ஓடாது.

பட்டமளிப்புக்கு முந்தின நாள், வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியைக் கொண்டுவந்தான். கசங்கிக் கிடந்தது. தேய்த்துக் கொடுத்தேன். அவன் முகத்தில் களையே இல்லை.

"என்னப்பா, எழவு வீட்டுக்குப் போறவன் மாதிரி நிக்கிற?"

"எங்க ஊர்ல மகன் பட்டம் வாங்குனா அம்மா சத்தம் போடணும்க்கா. அது இல்லாம எங்க வீட்ல யாரும் வாங்குனதில்ல. எங்கம்மாவால அம்புட்டுத் தூரம் வர முடியாது."

"என்ன சத்தம்? போட்டுக் காட்டு."

கூச்சப்பட்டுக்கொண்டே காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது குலவை. என் பிறந்த ஊர் எழுமலையில் நடவு வயலிலும், அம்மனுக்குப் பொங்கல் வைக்கையிலும் நாங்கள் போடுவதேதான். என் குலவை கண்மாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று ஊரில் பெயர். இது இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று அன்றைக்கு முழுக்க அதே யோசனை.

"நான் வாரேன்ப்பா. நான் போடுறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏ புள்ள, அங்க பெரிய பெரிய ஆளுக வருவாக. மொளப்பாரித் திருவிழான்னு நெனச்சு வந்துட்டாளான்னு வெளிய தள்ளிருவாக."

"சாமி முன்னாடியே போட்டவ நான். இவுக என்ன?"

மண்டபத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது என்று மைக்கில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் வரிசையாக ஏறி வாங்கினார்கள். பெற்றவள் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. அதுவும் எனக்குப் புதுசாகத்தான் இருந்தது. அவன் பெயரை வாசித்தார்கள். கூட்டத்தின் பக்கம் திரும்பாமல், தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அந்த நடையைப் பார்த்த பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன், போட்டேன்.

பட்டத்தை நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தான். காவலாளி ஓடிவந்து, "உக்காருங்கம்மா" என்றதோடு சரி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "உங்கம்மா போடுற மாதிரி இருந்துச்சா?"

யோசித்துத்தான் சொன்னான். "நல்லா இருந்துச்சுக்கா. ஆனா எங்கம்மா கடைசில மேல ஏத்தி நிறுத்தும். நீங்க கீழ இறக்கிட்டீக."

"எங்க, எப்படின்னு காட்டு."

கோரிப்பாளையம் வருவதற்குள் அதையும் படித்துக்கொண்டேன். கண்டக்டர் பாவம், விசில் ஊதவே மறந்துபோனார்.