கோலத்துக்கு வெளியே எரிந்த கற்பூரம்

ராஜசேகர் போய்விட்ட செய்தியை அவர் மகள்தான் சொன்னாள். மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் எலக்ட்ரிகல் கடைக்குப் போன் வந்தபோது நான் ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "மாமா, அப்பா காலையில காபி குடிச்சுட்டு உக்காந்தவர்தான். எந்திரிக்கவே இல்லை" என்றாள். எதிரே நின்றவரிடம், "இன்னிக்குக் கடை இல்லை" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. பெயர்ப்பலகையில் எங்கள் இருவர் பெயரும் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன.

அவர் அடக்கமானவர் என்று நான் எழுதினால், அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பள்ளம் தோண்டும் இடத்துக்கும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்தான் வருவார். பெட்ரோல் பங்க்குக்கு வயரிங் செய்ய மைசூரிலேயே தன்னை விட்டால் ஆள் இல்லை என்பார். அதே வேலையைச் செய்யும் கூட்டாளி நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார். "கரன்ட்டும் எனக்கு சிநேகிதம், பெட்ரோலும் எனக்கு சிநேகிதம். ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வைக்க மாட்டேன், அவ்ளோதான்" என்பது அவர் வசனம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாரப்பன் எங்களிடம் வந்தார். ஹனூர்ப் பக்கத்து விவசாயி. நிலத்தை விற்றுக் குண்டலுபேட்டை சாலையில் பங்க் கட்டிக்கொண்டிருந்தார். அது தீப்பிடித்தால் திரும்பிப் போய் உழ அவருக்கு மண் கிடையாது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் தர்க்கம் செய்வார். பம்பிலிருந்து ஆபீஸுக்கு வரும் வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு, மரை போட்டு இறுக்கியிருந்தோம். வழியில் குழாயை அடைத்து சீல் வைக்க வேண்டும் என்றதும், "ஏனுங்க, வயருதான் பைப்புக்குள்ளாற பத்திரமா போகுதுங்களே, அடைப்பு வேற எதுக்குங்க?" என்று பிடித்துக்கொண்டார்.

ராஜசேகர் அவரைக் கடைக்கு அழைத்து வந்து, வயர் நுழைத்த ஒரு குழாயின் ஒரு முனையை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார். மறுமுனையில் ஊதுவத்திப் புகையை ஊதினார். மாரப்பன் தும்மித் தள்ளிவிட்டார். "பெட்ரோல் ஆவியும் இப்படித்தான் வரும், உங்க ஆபீஸ் சுவிட்சைப் பார்க்க" என்றார் ராஜசேகர். அன்றே நார் திணித்து, கலவை ஊற்றி, குழாயை அடைத்தோம்.

திறப்பு விழா ஆயுத பூஜையன்று. தசரா சமயத்தில் மைசூரில் பல்பு தொங்காத கட்டடம் ஏது? முதல் லோடு பெட்ரோல் தொட்டியில் இறங்கியிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தல்காரர் பம்புகளைச் சுற்றிச் சீரியல் பல்பு கட்டி முடித்திருந்தார். கீழே அகல் விளக்குகளும் கற்பூரமும் தயாராக இருந்தன. ராஜசேகருக்கு முகமே மாறிவிட்டது. உடனே பல்பு மாலையை எல்லாம் இறக்க வைத்தார்.

"ஊரே ஜொலிக்குதுங்க! என்ற பங்க் மட்டும் எழவு வூடாட்டம் கெடக்கோணுமா?" என்று மாரப்பன் கத்தினார். உறவுக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் உள்ளூரப் பயம்தான், மனிதர் எங்களைத் துரத்திவிடுவார் என்று.

ராஜசேகர் மாரப்பனின் மனைவியிடம் போனார். "அம்மா, கோலம் பெருசா போடுவீங்களா?" என்று கேட்டார். பம்புகள், தொட்டி மூடி, தொட்டியின் ஆவி வெளியேறும் குழாய் எல்லாவற்றையும் வளைத்து, ஆபத்தான பகுதியின் எல்லையைத் தானே நடந்து காட்டினார். அந்த அம்மா அதன்மேல் கோலம் இழுத்துக்கொண்டே வந்தார். கோலத்துக்கு உள்ளே பூ, குங்குமம், வாழைக்கன்று. விளக்கும் கற்பூரமும் பல்புகளும் வெளியே, சாலையோர வாசலில். பூசணிக்காயும் அங்கேதான் உடைந்தது. பல்புகளைப் போட்டதும் குண்டலுபேட்டை பஸ் ஒன்று வேகத்தைக் குறைக்க, ஜன்னலெல்லாம் தலைகள்.

முதல் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டவர் பதற்றத்தில் டேங்க் வழிய வழியப் போட்டுவிட்டார். சிமென்ட் தரையெல்லாம் பெட்ரோல். சற்று முன்வரை அகல் விளக்குகள் வைத்திருந்த அதே இடம். மாரப்பன் வாசலில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார், அப்படியே கோலத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மணலைக் கொட்டி மூடும்வரை ராஜசேகர் யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி தோற்கும் குரலில் கூவினார்: "நோடி! ஒண்ணுமே ஆகலை!"

கன்னடத்தில் 'பாருங்கள்' என்று ஊரையே கூப்பிட்டுக் காட்டிய அந்தப் பெருமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மாரப்பன் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டை முழுக்கக் குங்குமம். அந்தச் சட்டையை அவர் துவைக்கப் போடவே இல்லை என்று அவர் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவர் காரியம் முடிந்து வந்த ஆயுத பூஜைக்கு நான் தனியாகத்தான் அந்தப் பங்க்குக்குப் போனேன். கோலம் அதே எல்லையில் இருந்தது. கற்பூரத் தட்டோடு வந்த ஒரு லாரி டிரைவரை மாரப்பன் வாசலிலேயே மறித்துவிட்டார். "கோலத்துக்கு அந்தாண்ட காட்டுங்க. சேகர் சார் போட்ட எல்லைங்க" என்றார்.

பணிவு, பொறுமை என்றெல்லாம் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அவை அவரிடம் இருந்ததே இல்லை. அவருடைய அந்தக் கூவலை எடுத்துக்கொண்டேன். பூஜை முடிந்து, பம்புகள் ஓடி, வண்டிகள் பத்திரமாகக் கிளம்பிப் போன பிறகு, மாரப்பன் என்னையே பார்த்தார். வெட்கத்தை விட்டு, தொண்டை கிழியக் கத்தினேன்:

"நோடி! ஒண்ணுமே ஆகலை!"