எதையும் இரண்டு தரம் சொன்ன சேத் கெர்ஷா

நார்மன் கெர்ஷா பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இங்கிலாந்தில் கிளெக்டன் என்ற ஊரின் சந்தையில் அப்பாவின் காய்கறிக் கடையில் தள்ளுவண்டி தள்ளி ஆரம்பித்தவர், அறுபத்தைந்தாவது வயதில் பதினோரு லாரிகளுக்குச் சொந்தக்காரர். ஒவ்வொரு லாரியின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பச்சை எழுத்தில் அவர் குடும்பப் பெயர். லங்காஷயர் மாவட்டத்தில் எந்தப் பள்ளிப் பிள்ளை மதியம் உருளைக்கிழங்கு தின்றாலும் அது தன் கிடங்கைத் தாண்டித்தான் போயிருக்கும் என்பார். கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். சொல்லட்டுமே! யாரும் கை தூக்கிவிட்டு வந்த ஆள் இல்லை. கல்லூரிக்குப் போனவர்கள் நாலு பேர் இன்றைக்கு அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

அவருக்கு இருந்த குறை ஒன்றுதான். அப்பா சேத் கெர்ஷாவைப் பார்த்து ஊர் சிரித்தது.

சேத் எதையும் இரண்டு தரம் சொல்வார். "அஞ்சு பவுண்டு உருளைக்கிழங்கு" என்று ஒரு பெண் கேட்டால், "அஞ்சு பவுண்டு உருளைக்கிழங்கு" என்று உரக்கத் திருப்பிச் சொல்லி, எடைக்கல்லை வைத்து, குனிந்து அதன் எண்ணைப் பார்த்து, "அஞ்சு பவுண்டு" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுத்தான் பையில் கொட்டுவார். சந்தையில் அவருக்குக் 'கிளிப்பிள்ளை' என்று பெயர். பையன்கள் கடைக்கு எதிரே நின்று, "கிளிப்பிள்ளைக்கு வணக்கம், கிளிப்பிள்ளைக்கு வணக்கம்" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அவர் தலை நிமிரவே மாட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கடையைக் கட்டியதும் ஒரு மூட்டை காய்கறியைத் தோளில் போட்டுக்கொண்டு மில் தெருவுக்குப் போவார். எட்னா ஹேவர்த் என்ற விதவையின் வாசலில் இறக்கி வைப்பார். கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் திரும்பிவிடுவார். போர் முடிந்து அவர் ஊர் திரும்பிய நாற்பத்தாறாம் வருஷம் தொடங்கி முப்பத்து மூன்று வருஷம் ஒரு சனிக்கிழமைகூட அது தவறவில்லை. ஊர் சும்மா இருக்குமா? நார்மனின் அம்மா அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே வாய் செத்துப்போனவள். புருஷனோடு ஒரே மேசையில் சாப்பிட்டாள், ஒரே கட்டிலில் படுத்தாள், ஆனால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்னாவின் மகன் கிளிஃப், நார்மனைவிட மூன்று வயது மூத்தவன். பள்ளிக்கூடத்தில் இருவரையும் ஒரே வசையைச் சொல்லித்தான் பையன்கள் சீண்டினார்கள். முதலில் இருவரும் ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்து மற்றவர்கள் மூக்கை உடைத்தார்கள். அப்படி வந்த சிநேகிதம் ஐம்பத்தைந்து வருஷம் நின்றது.

கிளிஃப் அவன் அப்பாவைப் பார்த்ததே இல்லை. வால்டர் ஹேவர்த் காலாட்படைக்காரர். கிளிஃப் தவழும்போது இத்தாலி மலையில் செத்துப்போனார். தேதி அக்டோபர் பதினொன்று. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு கிளிஃப் குடிக்க மாட்டான், யாரோடும் பேச மாட்டான். நார்மன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஊர் நினைவுத்தூணில் வருஷா வருஷம் நவம்பரில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பதும் கிளிஃப்தான். முன்னாள் படைவீரர் மன்றத்துக்குச் செயலாளர், அங்கே புல்தரைப் பந்தாட்டத் திடலைப் பார்த்துக்கொள்பவனும் அவனே.

மன்றத்துச் சுவரில் போருக்குப் போன ஊர்க்காரர்களின் பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. சேத்தின் பெயர் அதில் இல்லை. அவர் கேட்கவில்லை, மெடல்களைக்கூட வாங்கவில்லை. நார்மனுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அப்பா பீரங்கிப் படையில் இருந்தார் என்பது மட்டும் தெரியும். மீதியை அவரே இட்டுக்கட்டிக்கொண்டார்.

"எங்கப்பா பீரங்கி வெடிச்சா பெர்லின்ல டீக்கோப்பை ஆடும்டா. இப்ப சிரிக்கிறவன் எல்லாம் அந்தத் தகட்டு முன்னாடி தொப்பியக் கழட்டணும்!"

"காகிதம் கொண்டா முதலாளி, தகடு மாட்டுறேன்" என்றான் கிளிஃப். "ராணுவத்துப் பதிவு இல்லாம மாட்டுறது சட்டத்துல இல்ல. உனக்காக மாத்தினா நாளைக்கு எவனாவது வந்து எங்க தாத்தா நெப்போலியன அடிச்சார்னு நிப்பான்."

நார்மனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நூலகத்தில் ஊர் வரலாற்று அறையைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வுபெற்ற ஹில்டா டாட்டர்சால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். ஏழு மாதம் கழித்துப் பதிவு வந்தது. கையோடு நார்மன் தகட்டைச் செய்யக் கொடுத்து, பதிவு வந்துவிட்டது, தாளைப் பிறகு காட்டுகிறேன் என்று கிளிஃபிடம் சொல்லி, மன்றத்துச் சுவரில் மாட்டவும் வைத்துவிட்டார். நவம்பரில் பெயர்கள் வாசிக்கும் நினைவு ஞாயிறு அன்று திறக்கலாம் என்று மேலே ஒரு துணி. அதற்கப்புறம்தான் ஹில்டா தாளை முழுக்க வாசித்தாள்.

"மிஸ்டர் கெர்ஷா, உங்கப்பாவுக்குத் தோள்ல ஒரு பதவிப் பட்டை இருந்திருக்கு. பீரங்கிக்குக் குறி வைக்கிற வேலை."

"பாத்தீங்களா! நான் சொல்லல?"

"நாப்பத்தி நாலு, அக்டோபர் பத்தொம்பதுல அந்தப் பட்டையப் பறிச்சிருக்காங்க."

நார்மனின் முகம் சிவந்தது. "எவனோ குமாஸ்தா தப்பா எழுதிருக்கான். எங்கப்பா ஒரு எடைக்கல்லைக்கூட ரெண்டு தரம் பாத்து வெப்பார், அவர்கிட்டயா பட்டையப் பறிப்பாங்க? இதை நான் விடப்போறதில்ல."

"படைப்பிரிவோட போர் நாட்குறிப்பு லண்டன்ல, கியூ ஆவணக் காப்பகத்துல இருக்கு. பாக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், மன்றத்துக்கு இந்த ஒரு தாளே போதும். இதோட விட்டுடலாம்."

"கெர்ஷா பாதி லோடு ஏத்திட்டு வண்டிய எடுத்ததில்ல, மிஸ்."

அவரே கார் ஓட்டிக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு போனார். வாசிக்கும் அறையில் பேனா கூடாது, பென்சில்தான், பேச்சும் கூடாது. பழுப்பேறிய தாள்களை ஹில்டா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஓரிடத்தில் கை நின்றது. நார்மனுக்குக் காது மந்தம், கிசுகிசுத்தால் கேட்காது. அவள் தாளை அவர் பக்கம் திருப்பி வரிக்குக் கீழே விரலை வைத்தாள். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

அக்டோபர் பதினொன்று, விடியற்காலை. மழை. மூன்றாம் எண் பீரங்கி தூரத்தை ஆயிரம் கஜம் குறைவாக வைத்து ஏழு குண்டுகள் சுட்டது. குண்டுகள் நம் காலாட்படைக் கம்பெனி ஒன்று பதுங்கியிருந்த களஞ்சியத்தின் மேல் விழுந்தன. ஒன்பது பேர் சாவு. பின்னால் விசாரணைக் குழுவின் அறிக்கை ஒன்றைக் கோத்திருந்தார்கள். குறி வைத்தவர் கெர்ஷா. மூன்று இரவு தூக்கமில்லை. சொன்ன தூரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி, அவர் திருப்பிச் சொல்லவில்லை. சார்ஜென்ட்டும் சரிபார்க்கவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல.

நார்மன் முதல் வரிக்குத் திரும்பிப் போனார். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வால்டர் ஹேவர்த்னு ஒருத்தர். எந்தக் கம்பெனின்னு பாக்க முடியுமா?" அறையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

ஹில்டா கல்லறைப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தாள். அந்தப் படை லங்காஷயர் ஆட்களை வைத்தே கட்டிய படை, பீரங்கிக்காரனும் காலாட்காரனும் ஒரே தெருவிலிருந்து போனவர்கள். வால்டர் ஹேவர்த் களஞ்சியத்தில் இருந்த அதே கம்பெனி, செத்தது அதே நாள்.

திரும்பும் வழி முழுக்க மழை. பாதி வழியில் ஒரு தேநீர்க் கடையில் ஹில்டா, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். நார்மன் மனதுக்குள் கணக்குப் போட்டார். முதல் தாளை மட்டும் கிளிஃபிடம் காட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை துணி விலகும், ஊர் தொப்பியைக் கழற்றும். அவ்வளவு சுலபம்.

ஆனால் மூட்டை? ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவர் அப்பாவைப் பெண்பித்தர் என்று நினைத்து வந்தார். அம்மா அப்படி நினைத்தே செத்தாள். எழுபத்தொன்பதில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசியாகக் கேட்டது, "மூட்டை போச்சா? அந்த வீட்டுக்கு மூட்டை போச்சா?" என்றுதான். "போச்சு" என்று நார்மன் சொன்னார். போகவில்லை. அப்பா படுத்த வாரமே அவர் அதை நிறுத்திவிட்டார். சாகிற மனிதனிடம் வெறுப்போடு சொன்ன பொய் அது.

வியாழக்கிழமை காலை திடலுக்குப் போனார். கிளிஃப் ஈரப் புல்லில் தோட்டத்து இரும்புக் கவைக்கோலைக் குத்திக் குத்தித் தண்ணீர் இறங்க வழி செய்துகொண்டிருந்தான்.

"என்ன முதலாளி, ஷூ நனையுமே! பதினோரு லாரி இருக்கு, ஒரு ரப்பர் பூட்ஸ் இல்லையா?"

"உள்ள வா கிளிஃப். பேசணும்."

கொட்டகைக்குள் உட்கார்ந்து நார்மன் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, காப்பகத்துத் தாளின் நகலை எடுத்துக் கையில் கொடுத்தார். கிளிஃப் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தான். ரொம்ப நேரம் வாசித்தான்.

"ஏழு குண்டு" என்றான்.

"ஆமா."

"அந்த உருளைக்கிழங்க எங்கம்மா வேகவெச்சுப் போட்டா. நான் தின்னேன்டா. அதைத் தின்னுதான் இந்த உடம்பு வளந்துச்சு."

"கிளிஃப், அவர் வேணும்னு..."

"தெரியும், வாசிச்சேன்ல. மூணு நாள் தூங்காதவன் கை, தவறிச்சு. அதை நான் விட்டுடுறேன்." தாளை மடித்தான், மறுபடி பிரித்தான். "ஆனா ஊர் எங்கம்மாவ என்னென்ன சொல்லிச்சு? சோப்பு வாங்கப் போனா கடையில பேச்சு நிக்கும். கோயில்ல அவ பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டா. மூட்டையப் போட்டுட்டு ஓடுவாரே, ஒரு நாள் நின்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமில்ல? முப்பத்தி மூணு வருஷம் நல்லாத் தூங்கி எந்திரிச்ச மனுஷன்தானே?"

"அவர் தூங்கினாரான்னு எனக்குத் தெரியாது."

"எங்கம்மா தூங்கல. அது எனக்குத் தெரியும்."

நார்மன் கோட்டுப் பொத்தானைப் போட்டார். எழுந்து நின்றார்.

"எங்கம்மாவும்தான்டா" என்று மட்டும் சொன்னார்.

"அதுக்கும் அவரே காரணம். தகட்ட எடுத்துடு, நார்மன். ஞாயித்துக்கிழம வராத."

கிளிஃப் அவரை 'முதலாளி' என்று சொல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

நார்மன் மன்றத்துக்குப் போனார். ஆளை அனுப்பியிருக்கலாம், ஆயிரம் ஆள் உண்டு. அவரே ஸ்க்ரூடிரைவர் வாங்கி நாலு திருகாணிகளையும் கழற்றினார். 'பீரங்கி வீரர் சேத் கெர்ஷா, எதிரிகளை நடுங்க வைத்தவர்' என்று தானே சொல்லிப் பொறித்த எழுத்து. அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, சுவரில் நாலு துளைகளை விட்டுவிட்டு வெளியே வந்தார். மது ஊற்றுகிற பெண், "என்னாச்சு ராசா, எழுத்துப் பிழையா?" என்றாள். "ஆமா, பிழைதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். வராதே என்று சொன்னதற்கு வீட்டில் கிடக்கிற ஆள் அவர் இல்லை. ஆனால் எப்போதும் போல முன்வரிசையில், கிளிஃபின் தோளுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. எல்லாருக்கும் பின்னால், பேருந்து நிறுத்தத்தின் ஓரத்தில் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. எக்காளம் ஊதி ஓய்ந்தது. இரண்டு நிமிஷ மௌனம் முடிந்ததும் கிளிஃப் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தான். நாற்பத்து மூன்று பெயர்கள், அகர வரிசையில். ஒரு பெயர், ஒரு மூச்சு, அடுத்த பெயர். வருஷா வருஷம் அப்படித்தான்.

"வால்டர் ஹேவர்த்."

"வால்டர் ஹேவர்த்" என்றார் நார்மன்.

சந்தையில் அப்பா திருப்பிச் சொல்வாரே, அந்தக் குரலில், அவ்வளவு உரக்க.

கூட்டம் திரும்பியது. யாரோ, "உஷ்! கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று சீறினார்கள். முன்னால் நின்ற பாதிரியார்கூடத் தலையைத் தூக்கிவிட்டார். வயதான ஒரு மனிதர் மட்டும், சின்ன வயதில் அந்தச் சந்தையில் நின்று கத்திவிட்டு ஓடியவர்களில் ஒருவராக இருக்கலாம், தொப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கிளிஃப் நிமிர்ந்து, தலைகளுக்கு மேலாகப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தான். அவன் கையிலிருந்த தாள் நனைந்துகொண்டிருந்தது. கோபமா என்ன என்று அவ்வளவு தூரத்திலிருந்து நார்மனுக்குத் தெரியவில்லை. கிளிஃபின் விரல் அப்பாவின் பெயரை விட்டு நகரவில்லை. ஊர் முழுக்க அடுத்த பெயருக்காக நின்றது.

பிறகு அவன் குனிந்தான். விரலை ஒரு வரி கீழே இறக்கி, அடுத்த பெயரை வாசித்தான்.