பாலில் விழுந்த தூசி

மாடியில் யாரும் இல்லை. எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

"யாருப்பா மேல நடக்குறது? பால்ல மண்ணு விழுதே!" என்று அந்த வீட்டு அக்கா நிமிர்ந்தார். செங்கல் அடுப்பில் பால் இன்னும் பொங்கவில்லை. வெள்ளைமேல் சாம்பல் நிறத்தில் பொடி.

தாம்பரம் தாண்டி, பஸ் திரும்பி நிற்கும் ஊர். மழையில் குடிசை சரிந்துபோன அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் போய் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். இரும்புலியூரிலிருந்து நான், மேடவாக்கத்துக் கம்ப்யூட்டர்காரர்கள், பல்லாவரத்தில் தோல் வியாபாரம் பண்ணும் பாய். செங்கல் கைமாற்றுவோம், கலவை சுமப்போம், திங்கட்கிழமை ஆபீசில் தோளைத் தடவிக்கொள்வோம். முந்தைய ஞாயிறு தளம் போட்டாயிற்று. அது இறுகும்வரை தாங்க, அறை முழுக்கச் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார் மேஸ்திரி. தான் வந்து சொல்லும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆனால் ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள். அதற்குள் பால் பொங்கிவிட்டால் போதும், குடிவருவது அப்புறம் என்றார்கள். சரியென்று நாங்களும் கூடிவிட்டோம்.

"அண்ணே, நடுவுல இருந்த கட்டையெல்லாம் எங்க?" பாயின் குரல் மாறியிருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னா பாய், சவுக்குத் தோப்புலயா பால் காய்ச்சுறது? வந்தவங்க குந்த எடம் வாணாவா? காலையில நடுவுல மட்டும்தான் எடுத்தேன். ஓரத்துல எல்லாம் அப்படியே கீது."

நிமிர்ந்து பார்த்தேன். தளத்தில் ஒரு கோடு. பார்க்கப் பார்க்க நீண்டது. கோடு நகருமா? நகர்ந்தது.

"எல்லாரும் வெளிய!"

ஓடினோம். அக்கா வரவில்லை. "பொங்கலியே! பொங்காம எறக்குனா வூடு வெளங்குமா?" முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு கையாகப் பாயும் வீட்டுக்காரரும் உள்ளே பாய்ந்து அவரை இழுத்து வெளியே போட்டார்கள்.

அப்போது விழுந்தது. லாரி ஜல்லியைக் கொட்டும் சத்தம், அவ்வளவுதான். முகத்தில் ஒரு காற்று. பிறகு தூசி, வாசல் வழியாக, ஓர் ஆள் நடந்து வருவதுபோல மெதுவாக வெளியே வந்தது. கம்பிகள் தொங்கின. அடுப்பு இருந்த இடத்தில் இடுப்பளவு கான்கிரீட். நாங்கள் தூக்கிச் சுமந்த அதே கான்கிரீட்.

யாரும் அழவில்லை. "அடுப்ப அணைக்கலியே," என்றார் அக்கா. வீட்டுக்காரர் மண்ணில் உட்கார்ந்து, "நடுவுல மட்டும்தான் எடுத்தேன்," என்றார். மேஸ்திரியிடம் போனிலும் அதையே சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

ஆடி முழுக்க இடிபாடு அள்ளினோம். மறுபடி தளம். ஆவணியில், முட்டுக் கட்டைகளைப் பிரித்துவிடலாம் என்று மேஸ்திரியே சொன்னபோது அக்கா குறுக்கே நின்றார். "பால் பொங்கட்டும். அப்பறம் பிரிங்க. அதுவரைக்கும் எவன் கை வெச்சாலும் ஒடிச்சிடுவேன்." வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

கட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து நின்றோம். பாயின் தொப்பை இரண்டு கட்டைகளுக்கிடையில் மாட்டிக்கொண்டது. "அக்கா, எனக்கும் சேர்த்து முட்டுக் குடுத்துட்டீங்க." சிரித்தோம், சத்தம் வராமல். வீட்டுக்காரர் ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

"பொங்கிடுச்சு! பொங்கிடுச்சு!" அக்கா கத்தினார். "அட, குனிஞ்சு பாருங்களேன்!"

யாரும் குனியவில்லை. அத்தனை பேரும் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.