மோட்டுவளைத் தரகர்

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் தரையைப் பார்ப்பதில்லை, சன்னல்களைப் பார்ப்பதில்லை, வீட்டுக்காரர் நீட்டும் கையைக்கூட முதலில் பார்ப்பதில்லை. தலையை அண்ணாந்து, வாயைச் சற்றே திறந்துகொண்டு, கூரையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கண்ணால் அளந்து முடித்த பிறகுதான் "வணக்கங்க" என்பார். பின்னால் வரும் வாடிக்கையாளர்களும், எங்கேனும் ஒழுக்கு இருக்கிறதோ என்ற கலக்கத்தில் அண்ணாந்து நிற்பார்கள். அதற்குள் அவர் மூன்று படி மடக்கு ஏணியை விரித்து ஏறி, வெள்ளைத் தட்டுப்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் புகை அலாரத்தின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திவிடுவார். வீடே அலறும். காதைப் பொத்திக்கொண்டு நிற்பவர்களை மேலிருந்து பார்த்து, "நல்ல வீடுங்க. வாயைத் தொறந்து பேசுது" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்.

வயது ஐம்பத்தெட்டு. வீட்டுத் தரகில் இருபத்தாறு ஆண்டுகள். சட்டையில் இரண்டு பைகள் வைத்துத்தான் தைத்துக்கொள்வார்: இடப்பக்கம் முகவரி அட்டைகள், வலப்பக்கம் சதுரமான ஒரு மின்கலம், புத்தம் புதியது. அலாரம் வாய் திறக்காத வீட்டில் அதை மாட்டிவிட்டு, வேறொன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். கருவியின் பின்புறத்தைத் திருப்பி, அது செய்யப்பட்ட ஆண்டைப் படிக்காமல் எந்த வீட்டையும் விட்டு வரமாட்டார். "பத்து வருஷம் தாண்டிட்டா இது அலாரம் இல்லைங்க, கூரைக்கு வச்ச பொட்டு" என்பது அவருடைய தீர்ப்பு.

அவருக்கு 'மோட்டுவளை' என்று பெயர் சூட்டியவர் அவருடைய மனைவியின் தம்பி. தொழிலில் பங்காளியும் அவரே. இருவருக்கும் ஒரே அலுவலகம், எதிரெதிர் மேசைகள், நாள்தோறும் ஒரே சண்டை.

"மச்சான், வாங்க வர்றவன் சமையலறையைப் பாக்குறான், குளியலறையைப் பாக்குறான். நீங்க மட்டும் மோட்டுவளையைப் பாத்துட்டு நிக்கிறீங்க. நாம வீட்டை விக்கிறோமா, பயத்தை விக்கிறோமா?"

"வீட்டைத்தான் விக்கிறோம் மாப்ளே. பயம் இலவசம்."

பழக்கம் வந்த கதையை அவர் யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை, ஆனால் மறைப்பதுமில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வீட்டைக் காட்டும்போது கூரையிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்றொரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மின்கலம் தீரப்போகிறது என்று அலாரம் விடும் எச்சரிக்கை அது. வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளிக்கவே, இவர் நாற்காலியில் ஏறி மின்கலத்தைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீடு அமைதியானது, அன்றே பேச்சும் முடிந்தது. மூன்று வாரம் கழித்து, அலமாரியில் தொங்கிக் கிடந்த அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி அந்த மின்கலத்தை நீட்டி, "இது எந்தக் கடிகாரத்தோடது?" என்று கேட்டார். அதற்குள் அந்த வீட்டில் ஒரு குடும்பம் குடியேறி, கைக்குழந்தையோடு ஒரு வாரம் தூங்கி எழுந்திருந்தது. பாதி நனைந்த சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் பனியனோடு காரை எடுத்தவர், வழியில் கடையில் நிறுத்திப் புது மின்கலம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், அதை மாட்டிப் பொத்தானை அழுத்திச் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டார். தொழிலில் உள்ள எல்லாரும் செய்கிற காரியந்தான் அது. இவர் மட்டும் அதற்குப் பிறகு நிமிர்ந்த தலையைத் தாழ்த்தவில்லை.

விற்பவர்களின் தந்திரங்கள் அவருக்கு அத்துப்படி. வெள்ளையடிப்பவர்கள் அலாரத்தின் மீதும் ஒரு கை பூசிவிடுவார்கள்; புகை நுழையும் துளைகள் அடைபட்டுப்போகும். குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் உறையை அதற்கு மாட்டிவைத்திருந்த ஒரு வீட்டுக்கார அம்மாள், "என்னைச் சமைக்கவே விட மாட்டேங்குதுங்க. எண்ணெயை ஊத்தினா போதும், கத்துது" என்று முறையிட்டார்.

"அது உங்க சமையலைக் குறை சொல்லலைம்மா. அடுப்பு மேலேயே கொண்டுபோய் மாட்டினா அது என்ன செய்யும்? மூணு மீட்டராவது தள்ளி மாட்டுங்க. தூங்குற அறைக்கு ஒண்ணு, அறைக்கு வெளியே ஒண்ணு, மாடி இருந்தா ஒவ்வொரு மாடிக்கும் ஒண்ணு. மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. வேறொண்ணும் கேக்கல."

"வீடு வித்துக் குடுக்கச் சொன்னா இந்தாளு பாடம் நடத்துறாரே!" என்று அந்த அம்மாள் மைத்துனரிடம் தொலைபேசியில் புலம்பினார். உறையை மட்டும் கழற்றிவிட்டார்.

இப்படிப் பதினோரு ஆண்டு தடையின்றி ஓடிய பழக்கம், சென்ற மாதம் இரண்டாம் மாடியிலுள்ள ஒரு சிறு வீட்டில் முட்டிக்கொண்டது.

பார்க்க வந்தவர்கள் ஓர் அண்ணனும் தங்கையும். அண்ணன் பேருந்து ஓட்டுநர். தங்கை திரைச்சீலை தைப்பவர், முப்பத்தொரு வயது, அதுவரை அண்ணன் வீட்டில் இருந்தவர், முதல்முறையாகத் தனக்கென ஒரு வீடு பார்க்கிறார். தரகர் வழக்கம்போல் அண்ணாந்தார், ஏறினார், அழுத்தினார். அண்ணன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். தங்கையோ சன்னல் பக்கம் திரும்பி நின்று, அளவுநாடாவை இழுத்து அகலம் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எப்படி? செத்தவனும் எழுந்துருவான்ல?" என்றார் தரகர், பாராட்டை எதிர்பார்த்து.

அண்ணன் காதிலிருந்து கையை எடுத்தார். "என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேக்காதுங்க. தனியா இருக்க வேண்டாம், தூக்கத்துல தீப்பிடிச்சா யாரு எழுப்புவான்னு ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன். ஒத்துக்கவே இல்ல. நீங்க ஒரே அமுக்குல நிரூபிச்சுட்டீங்க. ரொம்ப நன்றி."

ஏணியின் இரண்டாம் படியில் தரகர் அப்படியே நின்றுவிட்டார். தங்கை திரும்பினார், இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், அண்ணன் கைகளால் விளக்கினார். அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. கைப்பேசியில் எதையோ தட்டி, ஏணிக்கு நேரே உயர்த்திக் காட்டினார்: "நீங்க வீடு காட்ட வந்தீங்களா, இல்ல என்னை அண்ணன் வீட்டுக்கே திருப்பி அனுப்ப வந்தீங்களா?"

அவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் இருவரும் படியிறங்கிவிட்டார்கள்.

அலுவலகத்தில் மைத்துனர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "போச்சா?"

"வீடு போனா போகுது மாப்ளே. அந்தப் பொண்ணு தன் கால்ல நிக்கலாம்னு வந்துச்சு. நான் மேலே ஏறி நின்னு அதைத் தள்ளி விட்டுட்டு வந்திருக்கேன். பதினோரு வருஷமா காது உள்ளவங்களுக்கு மட்டும் வீடு பாத்திருக்கேன் போல."

தரகரின் தொல்லைக்குப் பழகிப்போன தீயணைப்பு நிலைய அதிகாரி ஒருவர் உண்டு. மறுநாள் காலை அவரைத் தேடிப் போனார். அதிகாரி சிரித்தார். "அதுக்கும் கருவி இருக்குங்க. மேலே அலாரம் அடிச்சா, தலையணைக்கு அடியில வச்ச தட்டு ஒண்ணு உதறும். கூடவே விளக்கும் மின்னும். விளக்கு மட்டும்னு வாங்கிடாதீங்க. தூங்குறவங்க கண்ணை மூடித்தானே தூங்குவாங்க!"

நான்கு கடைகளில் கையை விரித்தார்கள். ஐந்தாம் கடைக்காரர் பன்னிரண்டு நாளில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். இதற்கிடையில் வேறொருவர் அந்த வீட்டைக் கேட்டு இரண்டு முறை வந்தார். "பேச்சுல இருக்குங்க, முடியட்டும்" என்று மைத்துனரே பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் திருப்பியனுப்பினார். அதற்காகத் தரகரை ஒரு வாரம் முறைத்தார் என்பது வேறு.

கருவி வந்ததும், தரகர் முதலில் தன் தலையிலேயே சோதித்துப் பார்த்தார். ஞாயிறு பகலில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார். குறட்டை கேட்டதும் மனைவி கூடத்தில் பொத்தானை அழுத்தினார். அவர் கட்டிலிலிருந்து பாதி உடம்பு கீழே தொங்க எழுந்தார்.

"முப்பது வருஷமா நான் தொண்டை கிழிய எழுப்பியிருக்கேன். இது முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்ட மனைவி, அதைத் திருப்பித் தர முதலில் மறுத்தது தனிக்கதை.

கருவியைப் படம் பிடித்து அனுப்பியதும் தங்கை ஒப்புக்கொண்டார்; அண்ணனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை விதித்தார். "அவ நிஜமாவே தூங்கணும். கண்ணை மூடிட்டு நடிச்சா நான் ஒத்துக்க மாட்டேன். எழுந்திரிக்கலைன்னா வீட்டுப் பேச்சே அதோட முடிஞ்சுது." தங்கை கைப்பேசியில் எழுதிக் காட்டினார்: "ரெண்டு நாளா திரைச்சீலை தைக்கிறேன். படுக்க இடம் குடுங்க, போதும்."

தரகரும் மைத்துனரும் ஒரு மெத்தையை இரண்டு மாடி சுமந்து ஏற்றி, கருவியை அலாரத்தோடு இணைத்து, தட்டைத் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். தங்கை உட்புற அறையில் படுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று ஆண்களும் வெறுமையான சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து, ஒரு பெண் தூங்குவதற்காகக் காத்திருந்தார்கள்.

"தூங்கியிருக்குமா?" என்று கிசுகிசுத்தார் மைத்துனர்.

"சத்தமாவே கேளுங்க" என்றார் அண்ணன். அரைமணி நேரம் கழித்து அவரே போய்க் கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்தார். "தூங்கிட்டா. வாய் லேசாத் தொறந்திருக்கு. அது நடிப்பு இல்ல." அவர் குரலில் வெற்றியும் இல்லை, நிம்மதியும் இல்லை.

தரகர் கூடத்தில் ஏணியை விரித்து ஏறினார். ஆயிரம் முறை அழுத்திய கட்டைவிரல் அன்று ஒரு கணம் தயங்கியது. பிறகு அழுத்தினார். வீடு அலறியது. மூவரும் அறைக்கதவையே பார்த்தார்கள். ஐந்து நொடி. பத்து நொடி. மைத்துனர் உதட்டைக் கடித்தார். அண்ணன் ஓரடி எடுத்து வைத்தார்.

கதவு திறந்தது. கலைந்த தலையும் கன்னத்தில் தலையணைத் தடமுமாக வந்த தங்கை, ஏணியைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்க்கவில்லை. மூவரையும் கடந்து நேரே வாசற்கதவைத் திறந்து, படிகளில் இறங்கிப் போய்விட்டார்.

அண்ணன் சன்னலுக்கு ஓடினார். கீழே, தெருவின் எதிர்ப்பக்கத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தார். மேலே நிமிர்ந்து, இரண்டு கைகளையும் ஆட்டி, 'இறங்கி வாங்க, என்ன பாத்துட்டு நிக்கிறீங்க?' என்று அதட்டினார். அந்தச் சைகையைப் புரிந்துகொள்ள எவரும் பயின்றிருக்க வேண்டியதில்லை.

"காது கேக்குற மூணு பேரும் உள்ளே நிக்கிறோம். அவ தப்பிச்சுப் போயிட்டா" என்று அண்ணன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தார். "சாவியை அவகிட்டயே குடுத்துருங்க" என்றார்.

தரகர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். சத்தம் நின்றது. ஏணியிலிருந்து இறங்கியவர் அதை மடக்கவில்லை; சன்னல் விளிம்பில் வைத்திருந்த கைப்பையையும் மூக்குக்கண்ணாடியையும் எடுக்கவில்லை. "மச்சான், உங்க பை!" என்று மைத்துனர் கூப்பிட்டதற்கும் திரும்பாமல், சாவியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு மடமடவென்று படியிறங்கித் தெருவைக் கடந்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பதினோரு ஆண்டுகளாகப் பிறர் வீடுகளில் அலாரத்தை அலறவைத்தவர், அலாரம் கேட்டு ஒரு வீட்டைவிட்டு வெளியேறியது அதுவே முதல்முறை, இதுவரை கடைசிமுறையும்: சென்ற மாதம் இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்.