மருத்துவச்சி கேட்ட கேள்வி

அந்தத் தட்டை நான் முதன்முதலில் பார்த்தபோது அது பூசைக்கு வைத்தது என்றே நினைத்தேன். பித்தளைத் தட்டில் ஒரு வெற்றிலை, அதன்மேல் மஞ்சள் தண்ணீரில் நனைத்துச் சுருட்டிய அரக்குச் சிவப்புப் பட்டு நூல். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவு வீடுகளில் பிரசவ வலி கண்டவுடன், தறியில் மிஞ்சிய பட்டு இழைகளில் கொஞ்சம் அறுத்து, முறுக்கி, இப்படி எடுத்து வைப்பார்கள். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் கட்டுவதற்கான நூல் அது. மற்றத் துணிக்கெல்லாம் தீட்டு உண்டு, பட்டுக்கு இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. பட்டு நெய்யும் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கு முதல் ஆபரணமே அதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த நூல் தறியின் அடியில் எத்தனை நாள் கிடந்தது, எத்தனை கைகளும் எந்தத் தரையும் அதைத் தொட்டன என்று யாரும் கேட்டதில்லை.

அறுபதுகளின் பிற்பகுதியில், பட்டப்படிப்பு முடித்த கையோடு, காஞ்சிபுரத்தில் ஒரு தாய் சேய் நல நிலையத்தில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தேன். பிறந்த சில நாட்களில் பால் குடிப்பதை நிறுத்தி, தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்து குழந்தைகள் சாவது அங்கே அதிகமாக இருந்தது. ஜன்னி என்றும் தோஷம் என்றும் சொல்வார்கள். அழுக்கு நூலும் கொதிக்கவைக்காத கத்தியும்தான் காரணம் என்று எங்கள் லேடி டாக்டர் சொன்னார். நிலையத்துக்கு வரப் பெண்கள் கூச்சப்பட்டதால், வீடுகளில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளையே அழைத்துப் பயிற்சி கொடுக்க முடிவாயிற்று. அப்படித்தான் நான் சொல்லவந்த மருத்துவச்சி எனக்குப் பழக்கமானார். அவருக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும். அந்தத் தெருக்களில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்து வந்தவர் அவர்.

பயிற்சியின் முதல் நாள், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி டாக்டர் விளக்கியபோது, மருத்துவச்சி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். "கண்ணுக்குத் தெரியாததுக்குப் பயந்து கும்புடணும்னா கோயிலுக்குப் போறேம்மா. அதுக்கு ஆசுபத்திரி எதுக்கு?" என்றார். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, விடாமல் கேள்வி கேட்டார். கத்தியைக் கொதிக்கவைத்தால் சரி, கையை என்ன செய்வது? தறி நூல் அழுக்கென்றால் சாயப் பட்டறையிலிருந்து நேரே வந்த நூல்? டாக்டருக்கே சில சமயம் பொறுமை போய்விடும். எனக்கு அந்தக் கேள்விகள் மகிழ்ச்சி தந்தன. பிடிவாதக்காரி படிந்துவருகிறார் என்று நினைத்தேன். அவர் எதன் விளிம்புக்கு வந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை.

பிறகு சில நாட்கள் அவர் வரவில்லை. தேடிப் போனேன். வீட்டுவாசலில் தலைவாராமல் உட்கார்ந்திருந்தார். "தெருத் தெருவா நடந்துக்கினு இருக்கேம்மா. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, இந்த வூட்ல எது பொழைச்சுது, எது போச்சுன்னு நெனச்சுப் பாக்குறேன்" என்றார். "எல்லாமே நூலாலதான்னு சொல்ல முடியாது. ஆனா நூலால இல்லன்னும் இனிமே சொல்ல முடியாது. இது தெரியாமலே செத்துப் போயிருக்கலாம்."

வயதானால் புதியதைக் கற்பது ஏன் கடினம் என்பதற்கு ஞாபகக் குறைவையும் சோர்வையும் காரணமாகச் சொல்கிறோம். அன்று அந்த வாசலில் நான் கண்ட காரணம் வேறு. இருபது வயதில் ஒன்றைக் கற்றால் அது வருங்காலத்தை மட்டும் மாற்றுகிறது. அறுபதில் கற்பது, வாழ்ந்து முடித்த வாழ்க்கைக்குள் நுழைந்து அதன் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது. அதற்கு அஞ்சித்தான் பலரும் மனத்தின் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

நான் விளைவுகளை எடைபோட்டேன். இவர் உண்மையை வெளியே சொன்னால் தெரு இவரை ஒதுக்கிவிடும். பெண்கள் பயிற்சியே இல்லாத கைகளிடம் போவார்கள். ஆகவே, "பழசை யாரிடமும் சொல்ல வேண்டாம். சர்க்கார் உத்தரவு என்று சொல்லிவிட்டு, நாங்கள் கொடுக்கும் வெள்ளை நூலைக் கொதிக்கவைத்துக் கட்டுங்கள்" என்றேன். அவர் தலையசைத்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பிரசவம் ஒரு நெசவாளர் வீட்டில், நல்ல வெயில் நேரத்தில். மருமகளுக்குத் தலைப்பிரசவம். நானும் உடன் போயிருந்தேன். முன்கூடத்தில் மகன் தறியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே முனகல் எழும்போதெல்லாம் தறிச் சத்தம் நின்று நின்று தொடர்ந்தது. அடுப்பில் மருத்துவச்சி கத்தியையும் நூலையும் கொதிக்கவைத்தார். ஆண் குழந்தை பிறந்து, வீறிட்டு அழுதது. தறி ஒரேயடியாக நின்றது. மாமியார் பட்டு நூல் தட்டை நீட்டினார்.

"இந்தாக்கா, கட்டு."

"இது வேணாம்மா. என்கிட்ட வேற நூல் இருக்குது."

"இன்னாக்கா, வெள்ளை நூலா? இது இன்னா எழவு வூடா? பட்டு நெய்யிற வூட்டுப் புள்ளைக்குப் பட்டு இல்லியா?"

"சர்க்கார் உத்தரவு" என்று நான் தொடங்கினேன். "சர்க்காரா வந்து பெத்துது?" என்று மாமியார் சீறினார். தட்டு மருத்துவச்சியின் கைக்கு இன்னும் நெருங்கி வந்தது. கொடி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

மருத்துவச்சி என்னைப் பார்த்தார். "சர்க்கார்னு சொல்லிட்டுப் போயிட்டா, நாளைக்கு நான் இல்லாத வூட்ல திரும்பவும் இதைத்தாம்மா எடுப்பாங்க" என்றார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார். "உன் மூத்த புள்ளைக்கு நான்தான் கட்டுனேன். இதே மாதிரித் தறியில அறுத்த நூலு. அந்த அழுக்குலதான் ஜன்னி வந்திருக்கும்மா. உன் கொழந்தை என் கையால போச்சு."

அந்த மாமியாருக்கு ஒரு மூத்த பிள்ளை இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் அல்ல. "என் பால்ல விஷம்னாங்களே" என்றார், யாரிடமோ கேட்பதுபோல. "என் மாமியார் சாகுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாங்களே."

"உன் பால்ல ஒண்ணுமே இல்லம்மா."

பின் மாமியார் தட்டைக் கீழே வைத்தார். "கட்டு" என்றார். "அந்த வெள்ளை நூலையே கட்டு. கட்டிட்டு என் வூட்ட வுட்டு வெளிய போ. திரும்பி இந்த வாசப்படி மிதிக்காதே."

மருத்துவச்சி கட்டினார். நஞ்சுக்கொடி விழும்வரை இருந்து, தாயைச் சுத்தம் செய்து, குழந்தையை மார்பில் விட்டபிறகு எழுந்து போனார்.

அதன்பின் வந்த நாட்களை நான் எப்படிக் கடந்தேன் என்று இன்றும் வியக்கிறேன். அந்தக் குழந்தைக்கு எது நேர்ந்தாலும், பட்டைக் கட்டாததால்தான் என்று தெரு முழுவதும் சொல்லும். எங்கள் பயிற்சி அன்றோடு முடியும். அந்த மூதாட்டியை உயிரோடு விடுவார்களா என்றே பயந்தேன். தினமும் அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் பேசமாட்டார், ஆனால் கதவைத் திறப்பார். குழந்தையின் தாடையைத் தொட்டுப் பார்ப்பேன், அது காம்பைப் பற்றி இழுக்கிறதா என்று உற்றுப் பார்ப்பேன். திரும்பும்போது தெருமுனைத் தண்ணீர்க் குழாயடியில் மருத்துவச்சி வெறுங்கையோடு நின்றிருப்பார்; குடம்கூடக் கொண்டுவந்திருக்கமாட்டார். "பால் குடிக்குதா?" அது ஒன்றுதான் கேட்பார். குடிக்கிறது என்றால் திரும்பிப் போய்விடுவார்.

ஒருநாள் குழந்தை பாலை மறுத்து அழுதது. மாமியாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று குழாயடியில் அவரிடம் பொய் சொல்லலாமா என்று யோசித்தேன்; உண்மையையே சொன்னேன். அவர் குழாய்த் தூணைப் பற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மாலையில் மீண்டும் ஓடினேன். வெறும் வயிற்று உப்புசம்தான். குழந்தை வெறிகொண்டதுபோல் குடித்துக்கொண்டிருந்தது. தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது, தொட்டிலும் கட்டினார்கள்.

மாமியார் அவரை மன்னித்தார் என்று நான் எழுதமாட்டேன். அந்த வீட்டுக்குள் மருத்துவச்சி மறுபடி அழைக்கப்படவே இல்லை. வேறு சில வீடுகளும் அவரை அழைப்பதை நிறுத்திக்கொண்டன. என் எடைபோடல் முழுக்கத் தவறில்லை. ஆனால் அதே மாமியார் பிரசவ வீடுகளில் தாமாகவே போய் நின்று, பட்டு நூல் தட்டை எடுத்து அப்பால் வைத்தார் என்று பலர் சொல்லக் கேட்டேன். உத்தரவு எதுவும் அதைச் செய்திருக்காது.

தொட்டில் கட்டிய செய்தி தெரிந்த மறுநாள் காலை, மருத்துவச்சி நிலையத்துக்கு வந்தார். எண்ணெய் வைத்துத் தலைவாரியிருந்தார். பாராட்டையோ ஆறுதலையோ எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"நூல் ஒண்ணு தெரிஞ்சுது. வேற இன்னா இன்னா தப்பாப் பண்ணிக்கினு இருக்கேன்? சொல்லும்மா" என்றார்.

அவருடைய அந்த வயதை நான் இப்போது கடந்துவிட்டேன். தினமும் செய்தித்தாள் படிக்கிறேன், கூட்டங்களுக்குப் போகிறேன். இந்த வயதிலும் எவ்வளவு சுறுசுறுப்பு என்று பிறர் சொல்லக் கேட்டு மகிழ்கிறேன். போன வாரம், நாங்கள் அந்தக் காலத்தில் நடத்திய பணிகளைப் பற்றி ஆராயும் ஒரு பெண் வந்திருந்தாள். அவற்றில் சில, பெண்களுக்குத் தீங்காகவும் முடிந்தன என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறுப்புகள் நாக்கின் நுனியில் வரிசையாக வந்து நின்றன. அவற்றை விழுங்க வெகுநேரம் பிடித்தது. பிறகு அவளிடம் கேட்டேன்: "வேறென்ன தவறு செய்தோம்? சொல்லம்மா."